அட்மாஸ்பியருக்குத் தமிழில் இரண்டு சொல் வேண்டும்: ‘சூழுணர்வு’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘அட்மாஸ்பெரிக் கேம்’, அதாவது ஓர் இடத்தின் உணர்வு ஆளைச் சூழ்ந்துகொள்ளும் விளையாட்டு, என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். இத்தனை பேர் யோசித்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டு ஒரு சொல்லோடு வந்திருக்கிறேன். அதற்கு முன்னால், இந்தச் சொல் எங்களுக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேள்வியிலேயே அதை எழுதியிருக்க வேண்டும்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன விண்வெளி விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். சுட வேண்டிய எதிரி கிடையாது, புள்ளிகள் கிடையாது, ஓடும் கடிகாரம் கிடையாது. ஒரு கோளில் இறங்கலாம், நடக்கலாம், பார்க்கலாம், கேட்கலாம், கிளம்பலாம். அவ்வளவுதான். தொடக்கத்திலேயே ஒரு முடிவெடுத்தோம்: விளையாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கப் போவதில்லை, தமிழிலேயே செய்யப் போகிறோம். அதனால் திரையில் தெரியும் எழுத்து மட்டுமல்ல, நாங்கள் மூவரும் வேலை பார்க்கும் அமைப்புத் தாளும் தமிழில்தான் இருக்கிறது.

சிக்கல் அங்கேதான் வந்தது. அந்தத் தாள் முதலில் ஆங்கிலத்தில் இருந்தபோது ஒவ்வொரு கோளுக்கும் ‘அட்மாஸ்பியர்’ என்ற பெயரில் இரண்டு வரிகள் இருந்தன. இயற்பியல் பகுதியில் வந்த வரி காற்றின் அடர்த்தி: பாராசூட் விரியுமா, சத்தம் எவ்வளவு தூரம் போகும், வானம் என்ன நிறம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. ஒலி, ஒளிப் பகுதியில் வந்த வரி வேறு. அந்த இடத்தில் நிற்பவருக்கு மனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான அளவு அது. இசை, ஒளியின் சாயல், மூச்சுச் சத்தம் எல்லாம் அதைப் பார்த்துத்தான் கூடும், குறையும். தமிழ்ப்படுத்தும்போது இரண்டுக்கும் ‘வளிமண்டலம்’ என்று எழுதிவிட்டோம். எங்கள் மூவரில் இயற்பியல் பார்க்கும் நண்பர் தாளில் நிலாவின் வரிகளுக்கு வந்தார். நிலாவில் காற்று ஏது? இரண்டு வரியிலும் சுழியத்தைப் போட்டார். அவர் செய்தது சரி, தாளில் இருந்த பெயர்தான் தப்பு.

அன்று மாலை நிலாவில் இறங்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத் தரை, கறுப்பு வானம், சத்தமே இல்லை, மூச்சுகூட இல்லை. இசைக் கோப்பு கெட்டுவிட்டதென்று இரண்டு நாள் தேடினோம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்தக் காற்றும் இல்லாத அந்த நிலாதான் எங்கள் விளையாட்டிலேயே மிகவும் அட்மாஸ்பெரிக்கான இடமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தோம். 1969இல் அங்கே இறங்கிய பஸ் ஆல்ட்ரின், நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு அடுத்துக் காலை வைத்தவர், தான் கண்டதை இரண்டே சொல்லில் சொன்னார். தமிழில் ‘மகத்தான வெறுமை’ என்று வைத்துக்கொள்ளலாம். காற்று சுழியம், ஆனால் மனதில் பதிந்தது எவ்வளவு! ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் இந்த வேறுபாட்டைப் பேசவே முடியாது.

ஆங்கிலச் சொல்லின் கதையையும் பார்த்தேன். கிரேக்கத்தில் ஆவி, கோளம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து 17ஆம் நூற்றாண்டில் கட்டிய சொல் அது. ஆங்கிலத்தில் அது முதலில் ஏறியதே சந்திரனைப் பற்றி எழுதும்போதுதான். மனநிலை என்ற பொருள் பிற்பாடு உருவகமாக வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டு அவர்களுக்கு இயல்பாகிவிட்டது. நமக்கு அது இயல்பில்லை. ‘வளி’ என்றால் நமக்குக் காற்றுதான். இலங்கையில் மழை, புயல் சொல்லும் அலுவலகத்துக்கே வளிமண்டலவியல் திணைக்களம் என்றுதான் பெயர். ‘வளிமண்டல விளையாட்டு’ என்று விளம்பரம் போட்டால் அங்கே இருப்பவர்கள் வானிலை பற்றிய விளையாட்டு என்றுதான் நினைப்பார்கள்.

நம் மொழி இந்த இரண்டையும் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது என்பதற்கு ஒரு பழைய இடம் நினைவுக்கு வருகிறது. புறநானூற்றின் 30ஆம் பாட்டு ஞாயிற்றின் செலவு, அதன் வேகம், அதைச் சூழ்ந்த வட்டம் என்று அடுக்கிக்கொண்டே போய், காற்று திரியும் திசையைத் தனியாகவும், ஒன்றுமில்லாமல் நிற்கும் ஆகாயத்தைத் தனியாகவும் எண்ணுகிறது. காற்று இருக்கும் இடம் வேறு, வெறுமை நிற்கும் இடம் வேறு. விண்வெளி விளையாட்டு செய்பவனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

சரி, நீங்கள் அனுப்பிய சொற்களுக்கு வருகிறேன்.

‘சூழ்நிலை’யைப் பலர் சொன்னீர்கள். பழகிய சொல்தான், ஆனால் ‘குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பை நிறுத்தினான்’ என்ற வாக்கியத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. ‘சூழல்’ ஏறக்குறைய சரி. ஆனால் அது இடத்தைச் சொல்கிறதே தவிர இடம் தரும் உணர்வைச் சொல்லவில்லை. ‘மனநிலை’ ஆளுடையது, இடத்துடையது அல்ல. ‘வான்சூழல்’ அழகாக இருக்கிறது, ஆனால் பாழடைந்த வீட்டுக்குள் நடக்கும் ஒரு திகில் விளையாட்டுக்கு அதைப் பயன்படுத்த முடியாதே. கலைச்சொல் என்றால் நம் விளையாட்டோடு நின்றுவிடக் கூடாது.

கோவையிலிருந்து எழுதிய ஐயா ‘திணை’ என்றே வைத்துக்கொள்ளச் சொன்னார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சொல்லை ஏற்கவில்லை என்றாலும், விளையாட்டின் வடிவமைப்பே அதனால் மாறிவிட்டது.

தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிப்பதைப் பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கரு. இருத்தல், இரங்கல், பிரிதல் போன்ற உணர்வுகள் உரி. பறையும் யாழும் கருப்பொருளில் இருப்பதை நான் இதுவரை கவனித்ததே இல்லை! ஒரு நிலத்துக்கு உரிய இசை அந்த நிலத்தின் பொருள்களில் ஒன்று. மரத்தையும் மானையும் போல. நாங்கள் அதுவரை இசையை மேலே தெளிக்கும் பொடி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கண்ணோடு எங்கள் நிலாவைப் பார்த்தால் கணக்கு தெளிவாகிறது. அங்கே விலங்கு இல்லை, மரம் இல்லை, பறவை இல்லை. கருப்பொருள் என்று இருப்பதெல்லாம் ஒரு கலம், ஒரு உடுப்பு, ஒரு ஆள். எனவே உரிப்பொருளைச் சுமக்க வேண்டியது முதற்பொருள்தான், அதாவது நிலமும் பொழுதும். நிலாவில் பகல் மட்டும் ஏறக்குறைய பதினான்கு பூமி நாள் நீளம். சூரியன் தொடுவானத்தில் தாழ்ந்து நிற்கும் நேரமும் அதே கணக்கில் நீளும். கைப்பிடி உயரக் கல்லுக்குக்கூட நெடுநிழல். அதனால் நிலாவில் எப்போது இறங்கினாலும் பொழுது அந்தத் தாழ்ந்த வெயிலாகவே இருக்கும்படி மாற்றினோம். இசையைக் கூட்டவில்லை, குறைத்தோம்.

ஒலியையும் திரும்பச் செய்தோம். கலத்தின் கதவைத் திறக்கும்போது காற்று வெளியேறும் சீறல் கேட்கும். அது மெலிந்து மெலிந்து மூன்று நொடியில் அறுந்துவிடும், ஏனென்றால் சத்தத்தைச் சுமக்கக் காற்று மிச்சமில்லை. அப்புறம் உடுப்புக்குள் சுற்றும் சின்ன விசிறியின் ரீங்காரமும் சொந்த மூச்சும் மட்டும். காலை எடுத்து வைத்தால் காதுக்கு ஒன்றும் வராது. பூட்ஸ் வழியாக உடம்புக்குள் ஏறும் மந்தமான ஒரு ‘தும்’ மட்டும் கேட்கும். பத்து நொடி எந்தப் பொத்தானையும் தொடாவிட்டால் திரையில் இருக்கும் எண்கள் தாமாகவே மறைந்துவிடும்.

இதை என் அத்தை மகளிடம் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள், வேகமான விளையாட்டுகளில் கெட்டிக்காரி. நிலாவில் இறங்கினாள், நாலு எட்டு வைத்தாள், நின்றாள். தன் நிழலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பொத்தான் ஏதாவது வேலை செய்யவில்லையோ என்று எனக்குப் பயம். “என்னடி ஆச்சு?” என்றேன். “ஒண்ணும் இல்ல அத்தான், சும்மா நிக்கிறேன். நல்லா இருக்கு” என்றாள். அவளை அங்கே நிறுத்தி வைத்தது எதுவோ, அதற்குத்தான் நான் சொல் கேட்கிறேன்.

திணையையே ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? இரண்டு காரணம். இலக்கணத்தில் உயர்திணை, அஃறிணை என்று அது ஏற்கெனவே வேறு வேலையும் பார்க்கிறது. அதைவிட முக்கியம், திணை என்பது முதலும் கருவும் உரியும் சேர்ந்த முழுமை. எனக்கு வேண்டியது அதில் ஒரு பகுதி. ஆனால் கேம்களில் ‘பயோம்’ என்கிறார்களே, பனி நிலம், மணல் நிலம், சதுப்பு நிலம் என்று பிரிப்பது, அதற்குத் திணை அப்படியே பொருந்தும். எங்கள் தாளில் இன்றைக்கே மாற்றிவிட்டேன்.

இப்போது என் முன்மொழிவு: சூழுணர்வு.

சூழ் + உணர்வு. இது வினைத்தொகை. சூழ்ந்த உணர்வு, சூழ்கின்ற உணர்வு, சூழும் உணர்வு என்று மூன்று காலத்துக்கும் விரியும். ஓர் இடத்தில் இறங்கும்போது அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. நிற்க நிற்கச் சூழ்கிறது. கலம் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் கூடவே வருகிறது. ஒரு தொகைச் சொல்லுக்குள் இவ்வளவும் அடங்குவது தமிழ் நமக்குத் தரும் வசதி.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். ‘இந்த நிலாவின் சூழுணர்வு தனிமை.’ ‘செவ்வாயில் சூழுணர்வைக் கொஞ்சம் குறை, இசை முந்துகிறது.’ ‘சூழுணர்வு மிக்க விளையாட்டு.’ நாக்கில் தடுக்கவில்லை. பின்னணியில் மெல்லச் சூழ்ந்து ஒலிக்கும் ‘ஆம்பியன்ட்’ இசைக்கு ‘சூழிசை’ என்ற தம்பிச் சொல்லும் கூடவே கிடைக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய தோழி முன்கூட்டியே ஒரு மறுப்பு வைத்திருந்தார்: ‘உணர்வு’ என்று முடிந்தால் அது விளையாடுபவருக்குள் நடப்பதாக ஆகாதா, அட்மாஸ்பியர் இடத்துக்கு உரியதல்லவா என்று. வலுவான கேள்வி. என் பதில், உரிப்பொருளை நம் இலக்கணம் எங்கே வைத்தது என்பதுதான். இரங்கலை நெய்தலுக்கு உரியது என்றுதான் சொன்னார்கள். உணர்வு நிலத்துக்கு உரியதாக இருக்கலாம் என்பது நமக்குப் புதிதல்ல.

இன்னொரு மறுப்பை நானே சொல்கிறேன். ழகரம் பலர் வாயில் ளகரமாகிறது. அப்போது ‘சூளுணர்வு’ என்று காதில் விழும். சூள் என்றால் சபதம். ஆனால் சூழல், சூழ்நிலை எல்லாம் இதே ஆபத்தைத் தாண்டித்தான் புழங்குகின்றன. இது எனக்குப் பெரிய தடையாகப் படவில்லை. உங்களுக்குப் பட்டால் சொல்லுங்கள்.

மற்ற விளையாட்டுகளிலும் இந்தச் சொல் பேச்சுக்கு உதவுகிறதா என்று பார்த்தேன். 1984இல் வந்த ‘எலைட்’ 8 விண்மீன் மண்டலங்களில் தலா 256 உலகங்களை 32 கிலோபைட் கணினியில் அடக்கியது. 2016இல் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’யில் சூத்திரத்தால் பிறக்கும் கோள்கள் ஏறத்தாழ 1,80,000 கோடி கோடி. எண்ணிக்கை பிரமிக்க வைக்கிறது, ஆனால் எண்ணிக்கை சூழுணர்வு ஆகாது. 2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ ஒரு கைப்பிடிக் கோள்களோடு நிறுத்திக்கொண்டது. அங்கே சில கோள்களில் ஒரு பயணி தீ மூட்டி உட்கார்ந்து ஒரு கருவி வாசிக்கிறார். அலைவாங்கியை அந்தத் திசையில் திருப்பினால் வெறுமையைக் கடந்து பாஞ்சோ என்ற நரம்புக் கருவியின் ஒலி வந்து சேர்கிறது. யாழைக் கருப்பொருளில் வைத்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

காற்று இருக்கும் இடங்களில் இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் உழைக்கும். சனிக்கோளின் நிலவான டைட்டனில் தரையில் காற்றழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு, ஈர்ப்பு ஏழில் ஒரு பங்கு, வானமெல்லாம் ஆரஞ்சு மூட்டம். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற ஆய்வுக் கலம் அங்கே பாராசூட்டில் இரண்டரை மணி நேரம் மிதந்து இறங்கியது. எங்கள் தாளில் டைட்டனுக்கு எதிரே இப்போது ‘வளியழுத்தம் 1.5’ என்று ஒரு வரி, ‘சூழுணர்வு: மாலை, மந்தம், கதகதப்பு’ என்று அடுத்த வரி. இரண்டாவது வரியை எண்ணாக வைக்காமல் சொல்லாக வைப்பது என்றும் முடிவு செய்துவிட்டோம். இனி யாரும் தவறிச் சுழியம் போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். அன்று இரவு நிலாவும் டைட்டனும் மட்டும் உள்ள பதிப்பை உங்களுக்கு அனுப்புகிறேன். ஹெட்போன் போட்டுக்கொண்டு விளையாடுங்கள். நிலாவில் கதவைத் திறந்ததும் கொஞ்ச நேரம் எதையும் அழுத்தாமல் நின்று பாருங்கள்.

அன்புடன்.