மின் நக அரம்: பாடநூலுக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர்,

அழகுக்கலை மாணவிகளுக்கான பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். செயற்கை நகப் பூச்சைத் தேய்த்தெடுக்கும் மின்கருவிக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. தொழிலில் இருப்போர் அதை இ-ஃபைல் என்றும் நெயில் டிரில் என்றும் சொல்கிறார்கள். டிரில் என்பதைத் துரப்பணம் என எழுதினால் துளைக்கும் கருவி என்றாகிவிடும். நிமிடத்துக்கு 30,000 சுற்றுவரை ஓடக்கூடிய ஒன்றைத் துளைப்பான் என்று எண்ணி ஒரு மாணவி கையில் எடுப்பது எனக்கு அச்சம் தருகிறது. ஆகவே ‘மின் நக அரம்’ என முன்மொழிகிறேன். அதில் பொருத்தும் பிட்டை, அதாவது சுழன்று தேய்க்கும் துண்டை, ‘முனை’ என்று எழுதியிருக்கிறேன்.

மறுமடல்:

அரம் மிகச் சரியான தேர்வு. அரம், அராவு, அரை ஆகியவை ஓரினச் சொற்கள். ‘அரம்பொருத பொன்போலத் தேயும்’ என்னும் 888ஆம் குறளில் பொன் சிறிது சிறிதாகத் தேய்வதைப் போலத்தான் இக்கருவியும் பூச்சைத் தேய்க்கிறது. ஆனால் நகம் வடசொல். வள்ளுகிர் (கூரிய நகம்) என்று பழம்பாட்டில் பயின்ற உகிர் நம்மிடம் இருக்கையில் கடன் எதற்கு? ‘மின்னுகிரரம்’ என்று ஆளலாம்.

மறுமடல்:

ஐயா, உங்கள் புலமையை வணங்குகிறேன். ஆயினும் நான் வகுப்பில் நிற்பவள். மின்னுகிரரம் என்பதை என் மாணவிகள் ‘மின்னு’ என்று பிரித்துத்தான் படிப்பார்கள். நகம் என்பதோ அவர்கள் பாட்டி சொன்ன சொல்.

என் கவலை ‘முனை’யைப் பற்றியது. பிட்டின் பக்கவாட்டை நகத்துக்கு இணையாகப் படுக்கவைத்து, அழுத்தாமல், நகர்த்திக்கொண்டே தேய்க்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் அதன் நுனி ஓரிடத்தில் பதிந்து, நகத்தைப் பிறைபோல் அரித்துச் சிவந்த தடத்தை விட்டுவிடும். நகம் வளர்ந்து நீங்கும்வரை, மாதக்கணக்கில், அந்தத் தடம் மாறாது. முனை என்று அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, முனையால் தொடாதே என்று எப்படிச் சொல்லித்தருவேன்? அலகு என்று வையுங்கள்.

பராமரிப்புப் பகுதியில் எல்லா வேலைக்கும் ‘சுத்தம்’ என்றே எழுதியிருப்பதும் சரியன்று. தூசியைத் தூரிகையால் நீக்கிச் சோப்பு நீரில் கழுவுவது ஒரு வேலை. பிறகு கிருமிநாசினியில் அதன் சீட்டில் குறித்த நேரம் முழுவதும் மூழ்கவைத்து உலர்த்துவது வேறு வேலை. முன்னதைக் கழுவுதல் என்றும் பின்னதைக் கிருமி நீக்கம் என்றும் பிரித்தெழுதினால்தான் இரண்டும் நடக்கும். கருவியில் மாட்டித் தேய்க்கும் உப்புத்தாள் பட்டைக்கு இவை பொருந்தா. அதை ஒரு வாடிக்கையாளருக்குப் பின் எறிந்துவிட வேண்டும்.

மறுமடல்:

அம்மா சொன்னபடி அலகு, கழுவுதல், கிருமி நீக்கம் மூன்றையும் ஏற்றுத் திருத்திவிட்டேன். அறிவியல் நூலில் அலகு என்பது அளவைக் குறிக்குமே என்று இருவர் தனிமடலில் கேட்டார்கள். கத்தியின் வாயையும் அலகு என்கிறோம். இடம் நோக்கிப் பொருள் விளங்கும். நகம் என்பதற்கே பெரும்பாலோர் இசைந்ததால் ‘மின் நக அரம்’ நிற்கிறது.

மறுமடல்:

அரம் நின்றது மகிழ்ச்சி. உகிரைக் கைவிட நான் இசையவில்லை. சொல்லடைவிலாவது நகத்துக்கு எதிரே அதையும் அச்சிட வேண்டுகிறேன்.