மட் அஞ்சலில் தமிழ் சிதறுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வீட்டிலுள்ள பழைய டெபியன் லினக்ஸ் கணினியில் மட் (முனையத்தில் ஓடும் அஞ்சல் நிரல்) வைத்திருக்கிறேன். அஞ்சல் வாங்க ஐமேப் (போர்ட் 993), அனுப்ப எஸ்எம்டிபி (போர்ட் 587), இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன. வெளியூரிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) வழியாகப் போய், முனையத்தை விடாமல் ஓட வைக்கும் டிமக்ஸ் நிரலுக்குள் மட்டைத் திறக்கிறேன். இணைப்பு அறுந்தாலும் பாதி எழுதிய கடிதம் அப்படியே இருக்கும், அந்த ஒரு சுகத்துக்காகத்தான்!

தொல்லை தமிழில். முதலில் வெறும் கேள்விக்குறிகளாக வந்தது. லொகேல் (கணினியின் மொழி, எழுத்து அமைப்பு) பார்த்தால் ‘போசிக்ஸ்’ என்றது, அதில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. எல்லா மொழி எழுத்தும் அடங்கிய யூடிஎஃப்-8க்கு மாற்றியதும் எழுத்து தெரிந்தது. சரி, முடிந்தது என்று பார்த்தால், பட்டியலை நகர்த்தும்போது ‘கொ’வின் கொம்பு மட்டும் பழைய வரியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. திரையைப் புதிதாக வரைய கண்ட்ரோல்-எல் அழுத்தினால் போகிறது, அடுத்த வரியில் மறுபடியும் வருகிறது.

டிமக்ஸ் இல்லாமல் நேரே திறந்தால் இந்தக் கோளாறு இல்லை. டிமக்ஸில் எதை மாற்ற வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.