சீற்றுக் கூரையை நான்கு அடி வெளியே நீட்டலாமா?

தீவகத்தான்:
வணக்கம். யாழ்ப்பாணத் தீவகத்தில் மண்கும்பானில், கடலுக்கும் வீட்டுக்குமிடையே நாலைந்து பனைகளைத் தவிர மறைப்பு எதுவுமில்லாத காணியொன்றில் ஒரு சிறிய மாடியில்லா வீடு கட்டுகிறோம். சிங் அலுமினியம் சீற்று (துத்தநாகமும் அலுமினியமும் பூசிய இரும்புத் தகடு) போடுவதாக எண்ணம். வெயிலும் சாரலும் சுவரில் படாதிருக்க, கைமரங்களை (கூரையைத் தாங்கும் சாய்மரங்களை) அப்படியே நீட்டி நான்கு அடித் தாழ்வாரம் விடலாம் என்று தச்சர் சொல்கிறார். ஆனால் அயலில் ஒரு வீட்டின் கூரை முன்விளிம்பிலிருந்து சுருண்டு எழுந்ததைக் கண்டபின் மனம் ஒப்பவில்லை. நடுக்கூரை அசையாதிருக்க ஓரம் மட்டும் முதலில் போவது ஏன்?

கட்டட வேலைக்காரன்:
காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே இழுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சுவரில் மோதிய காற்று விளிம்பைத் தாண்டும்போது கூரைப் பரப்பை விட்டுப் பிரிந்து சுழல்வதால் அங்கே உறிஞ்சல் மிக அதிகம். மூலைகளில் அதைவிடவும் அதிகம். தாழ்வாரத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சுவரில் மோதி மேலேறும் காற்று அதன் அடிப்பக்கத்தைத் தள்ள, மேற்பக்கத்தை உறிஞ்சல் இழுக்க, இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துவிடுகின்றன. செக்கனுக்கு 40 மீற்றர், அதாவது மணிக்கு 144 கிலோமீற்றர் வேகத்தில், காற்றின் அடிப்படை அழுத்தமே சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம். சீற்றின் சொந்த எடையோ 5 கிலோ அளவுதான். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே பிரதான கூரையை ஒன்றரை அடியோடு நிறுத்திவிட்டு, நிழலுக்கு வேண்டியதைத் தனிப் பத்தியாக, அதாவது சுவரோரம் தாழ்வாகச் சரியும் சிறு கூரையாக, இறக்குங்கள். பத்தியின் கைமரங்கள் வீட்டுக் கைமரங்களின் தொடர்ச்சியாக இல்லாமல் தனி வளையில் (கைமரங்களைத் தாங்கும் கிடைமரத்தில்) தங்கினால், பெருங்காற்றில் பத்தி போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. நம் பழைய வீடுகளிலும் பத்தியைத் தாழ்வாகத் தனியே இறக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஓட்டுக்கூரை:
சீற்றை விட்டு ஓடு போட்டால் எடையே காப்பாற்றுமே?

கட்டட வேலைக்காரன்:
ஓரளவுதான். ஓட்டின் எடை சதுர மீற்றருக்கு 40 முதல் 50 கிலோ. மேலே சொன்ன கணக்குக்கு அது போதாது. விளிம்பு வரிசைகளையாவது கம்பியால் கட்ட வேண்டும். நான் பொருளைவிடக் கூரையின் வடிவத்துக்கே முதலிடம் தருவேன்: நாற்புறமும் சரியும் கூரை, இருபுறமும் முக்கோணச் சுவர் நிற்கும் கூரையைவிடக் காற்றுக்கு நன்கு ஈடுகொடுக்கும். சாய்வு 30 பாகை அளவில் இருந்தால் நல்லது. மிகத் தட்டையான சாய்வில் உறிஞ்சல் கூடும்.

தீவகத்தான்:
நன்றி ஐயா. எங்கள் பக்கம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுத்தான் கடுமை. தென்மேற்குப் பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் போதுமா?

கட்டட வேலைக்காரன்:
போதாது. சோளகம் மாதக்கணக்கில் வீசிச் சீற்றை ஓயாமல் அதிரவைக்கும்; அதனால் ஆணித்துளை மெல்ல நீள்வட்டமாகிறது, உப்புக் காற்று அந்தத் துளையின் விளிம்பிலேயே துருவைத் தொடங்கிவைக்கிறது. புயலோ பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வேறு திசையிலிருந்து வரும். 2020 டிசம்பரில் வந்த புரெவியைப் போல மையம் நமக்குத் தெற்கே மேற்கு நோக்கிக் கடந்தால், காற்று வடகிழக்கில் தொடங்கிக் கிழக்காகிப் பின் தென்கிழக்காகும். ஆகவே நான்கு பக்கமும் ஒரே கவனம் வேண்டும்.

செலவைக் கூட்ட முடிந்தால் கைமரத்துக்கும் சுவர் வளைக்கும் இடையில் கூட்டுங்கள். மேலிருந்து அடித்த ஆணி, இழுத்தால் நேராகக் கழன்றுவிடும். கைமரத்தின் மேலாகச் சுற்றி வளையின் இருபக்கமும் இறங்கும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டியில் பக்கவாட்டாக அடித்த ஆணி அப்படிக் கழலாது. வளையைச் சுவர் மேலுள்ள கொங்கிறீற் வளையத்தில் முன்கூட்டியே பதித்த போல்ற்றால் இறுக்க வேண்டும். கொங்கிறீற் போடும் நாளில் போல்ற்றை வைக்க மறந்தால் பிறகு துளைத்துத்தான் பதிக்க வேண்டிவரும், ஆகவே இதைத் தச்சரிடமன்றி மேசனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.