பொருள்: ஒப்பந்த விமானியா, கருதுநிலை ஊழியரா?

> "ஒப்பந்த விமானி என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் புரியும்."

கம்பெனி மூலம் பில் போட்டாலும் வரிக்கு ஊழியராகவே கருதப்படும் விமானிக்கு (டீம்டு எம்ப்ளாயி) நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. ஒப்பந்த விமானி என்றால் புரியும் அண்ணே, ஆனால் தப்பாகப் புரியும். மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டு மாதச் சம்பளம் வாங்குகிறவரும் ஒப்பந்த விமானிதான், தன் பெயரில் ஒரு கம்பெனி வைத்து அதன் மூலம் பில் போட்டுப் பணம் வாங்குகிறவரும் ஒப்பந்த விமானிதான். ஒரு விமானி இந்த இரண்டில் எந்த வகை என்பதில்தான் வரிச் சண்டையே தொடங்குகிறது. காரைக்குடியில் வரிக்கணக்கு பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் யாருக்கும் பயன்படாது.

நம் பக்கத்துப் பழக்கத்தையே பாருங்கள். ரங்கூனுக்கு வட்டிக்கடை பார்க்கப் போன ஏஜெண்டும் இத்தனை வருடம் என்று தவணை பேசித்தான் கப்பல் ஏறினார். கையில் பவர் பத்திரம், யாருக்குக் கடன் கொடுப்பது என்பது அவர் முடிவு, முதலாளி இருந்ததோ தேவகோட்டையில். அப்படியும் அவரைத் தனி வியாபாரி என்று யாரும் சொன்னதில்லை, சம்பள ஆள்தான்.

விமானி விஷயமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. வானத்தில் பாதுகாப்பு பற்றிய கடைசி முடிவு கேப்டனுடையது, அதைக் காட்டி "அவர் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை" என்று வாதாடலாம். ஆனால் எந்த நாள், எந்த ஊருக்கு, எந்த விமானம் என்று ரோஸ்டர் போடுவது நிறுவனம். அதைவிட முக்கியமானது, உடம்பு முடியாத நாளில் தனக்குப் பதிலாக இவராக ஒருவரை அனுப்ப முடியாது. வருகிறவரிடம் அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதியான ரேட்டிங் இருந்தாலும், அந்த நிறுவனத்தின் நடைமுறையில் பயிற்சியும் சோதனையும் முடித்திருந்தால்தான் காக்பிட்டில் உட்கார விடுவார்கள். தானே நேரில் உழைக்கிறாரா, கட்டுப்பாடு யாரிடம் என்ற இந்த இரண்டு கேள்விகளும் லாரி ஓட்டுநர் ஊழியரா, தனித்தொழில் செய்பவரா என்று 1967ல் தீர்ப்பான ரெடி மிக்ஸ்ட் கான்கிரீட் வழக்கிலிருந்து பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை.

> "போலிச் சுயதொழில்?"

ஆச்சி, இந்தச் சொல்லில் குற்றச்சாட்டு ஏறிவிடுகிறது. பிரிட்டனில் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஐ.ஆர்.35 என்ற வரி விதி யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. நடுவில் கம்பெனி இல்லை என்று வைத்துக்கொண்டு பார், அப்போது இவர் ஊழியராகத் தெரிந்தால் ஊழியருக்குரிய வரியைக் கட்டு, அவ்வளவுதான். ஆளெடுக்கும் ஏஜென்சி கம்பெனி வைத்தால்தான் வேலை என்று சொன்னதால் வைத்த விமானியைப் போலி என்பது நியாயமே இல்லை. 2021 ஏப்ரலுக்கு அப்புறம் அங்கே பெரிய, நடுத்தரத் தனியார் நிறுவனங்கள் தாங்களே இவர் எந்த வகை என்று முடிவுசெய்து சொல்ல வேண்டும்.

அதனால் என் பரிந்துரை கருதுநிலை ஊழியர். டீம்டு யுனிவர்சிட்டியை நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்கிறோமே, அதேபோல் நிகர்நிலை ஊழியர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. நிகர் என்றால் சமம். ஐ.ஆர்.35ல் மாட்டுகிறவருக்கு ஊழியருக்குரிய வரி வரும், ஆனால் அந்த விதியால் மட்டும் சம்பளத்தோடு விடுமுறையோ, வேலைநீக்கப் பாதுகாப்போ வராது. வரிக்கு மட்டும் கருதுகிறார்கள், உரிமைக்குக் கருதுவதில்லை. இந்த அநியாயம் சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நடுவில் நிற்கும் கம்பெனிக்கு இடைக்கம்பெனி. "ஒரு நபர் கம்பெனி" வேண்டாம், அது நம் 2013 கம்பெனிச் சட்டத்தில் வேறு ஒன்று.

இந்தியாவுக்கு வந்தால் கருதுநிலை ஊழியரை இழுத்துவர வேண்டாம். இங்கே ஐ.ஆர்.35 மாதிரித் தனி விதி கிடையாது, உண்மையில் ஊழியரா இல்லையா என்பதே கேள்வி. 2026 மார்ச் வரைக்குமான 1961 வருமானவரிச் சட்டத்தில் சம்பளம் என்றால் 192ஆம் பிரிவு, வருமான அடுக்குப்படி பிடித்தம். தொழில்முறைக் கட்டணம் என்றால் 194ஜே, 10 சதவீதம். சம்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கட்டணம் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். இங்கே ஊழியர், சுயதொழில் விமானி என்ற இரண்டு சொல் போதும்.

பாக்கி இருப்பது அம்ப்ரெல்லா கம்பெனி. குடைக் கம்பெனி என்றால் மழைக்காலக் கடை மாதிரி இருக்கிறது. அது விமானியைத் தன் ஊழியராக எடுத்துக்கொண்டு, வரி பிடித்துச் சம்பளம் போடுகிற கம்பெனி, அதனால் "சம்பளக் கம்பெனி" என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் ஆச்சி சொல்லுங்கள், பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.