மெஷின்ல துவைச்ச கருப்பு வேட்டியில வெள்ளைத் திட்டு – அவசரம், உதவுங்க

அம்மாப்பேட்டை_வீடு
எல்லாருக்கும் வணக்கம். அப்பா மாலை போட்டிருக்காரு. தினமும் கருப்பு வேட்டியும் துண்டும் மெஷின்லதான் போடுறோம். காஞ்சதும் பார்த்தா மடிப்பு மடிப்பா வெள்ளைத் திட்டு. துண்டு அப்பளம் மாதிரி விறைச்சு நிக்குது. மெஷின் போன வருஷம் வாங்கினது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துட்டு மெஷின்ல கோளாறு இல்லைன்னுட்டார். பொடியும் மாத்திப் பார்த்தாச்சு. சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

பழைய_ஃபிட்டர்
மேல் மூடியா, முன் கதவா? எத்தனை கிலோ மெஷின்? மேட்டூர்ல இருந்து வர்ற குழாய்த் தண்ணியா, போர் தண்ணியா? பொடி எத்தனை ஸ்பூன்? பொடி கூட வேற என்ன போடுறீங்க? இதெல்லாம் தெரியாம எதைச் சொன்னாலும் இருட்டுல கல்லெறியுற மாதிரிதாங்க.

கொண்டலாம்பட்டி_கே
அளவுக்கு மேல பொடி போடுறீங்க, அவ்வளவுதான். நுரை வரலைன்னு எல்லாரும் இன்னொரு ஸ்பூன் போடுவாங்க. அது கரையாம துணியிலயே உக்காந்துக்கும். பாதியாக் குறைங்க. பொடியை அப்படியே துணி மேல கொட்டாதீங்க, ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊத்துங்க.

செவ்வாய்ப்பேட்டை_அக்கா
சம்ப்ல படிகாரம் போட்டு வைங்க தம்பி. ராத்திரி போட்டா காலையில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். எல்லா அழுக்கும் அடியில தங்கிடும்.

நீர்_நுட்பம்
படிகாரம் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும். கரைந்திருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது தொடக்கூடச் செய்யாது. கலங்கல் வேறு, கடினம் வேறு என்று இங்கே எத்தனையோ முறை எழுதியாயிற்று. பழைய பதிவுகளை ஒருமுறை படித்துவிட்டுப் பதில் எழுதினால் கேட்பவருக்கு நேரம் மிச்சமாகும். கேட்பவரும் தண்ணீர் எதுவென்று சொல்லாமல் மெஷினின் வயதைச் சொல்கிறார். மெஷினின் வயதுக்கும் வெள்ளைத் திட்டுக்கும் என்ன சம்பந்தம்?

செவ்வாய்ப்பேட்டை_அக்கா
தெரிஞ்சதைச் சொன்னேன் சார். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, போதும்.

பழைய_ஃபிட்டர்
தம்பி, முதல்ல அந்தத் திட்டு என்னன்னு பார்த்துடலாம். காஞ்ச வேட்டியை வெளிச்சத்துல விரிச்சு, ஒரு திட்டு மேல ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்க. கண்ணைக் கிட்ட கொண்டு போய்ப் பாருங்க. ஊசி முனை அளவுக்கு மெல்லிசாப் பொரிஞ்சு, அரை நிமிஷத்துல வெள்ளை மறைஞ்சா அது சுண்ணாம்பு. எலுமிச்சை விடாம வெறும் ஈர விரலால தேய்க்கும்போதே வழவழன்னு கரைஞ்சா கரையாத பொடி. நகத்துல சுரண்டினா மெழுகு மாதிரி உருண்டு வந்தா சோப்புக் கசடு, இல்லைன்னா கண்டிஷனர் படிஞ்சது. நூல் நூலா வந்தா துண்டோட பஞ்சு, அப்போ லின்ட் ஃபில்டர் பையைக் கழுவினாலே சரியாப் போகும். நாலுக்கும் வைத்தியம் வேற வேற.

சூரமங்கலம்77
உங்க தண்ணியோட டிடிஎஸ், அதான் கரைஞ்சிருக்குற உப்பெல்லாம் சேர்ந்த அளவு, எவ்வளவு? அதைச் சொன்னா எல்லாம் தெரிஞ்சிடும். 500-க்கு மேல போனா மெஷினுக்கு ஆகாது.

அம்மாப்பேட்டை_வீடு
மேல் மூடி, 7 கிலோ. எலுமிச்சை விட்டுப் பார்த்தேன், லேசாப் பொரிஞ்சு மறையுது. ஆர்ஓ ஆள் மீட்டர் வச்சப்போ போர் தண்ணி 900 காட்டிச்சு. மேட்டூர் தண்ணி வர்ற அன்னைக்கு சம்ப்ல ரெண்டும் கலந்திடும். பொடி ரெண்டு ஸ்பூன், கூட சலவை சோடா ஒரு கை. அது எப்பவும் போடுறதுதான், அதனால சொல்லலை.

பழைய_ஃபிட்டர்
சொல்ல வேண்டியதே அதுதாங்க! அந்த ஒரு கை சோடாதான் வேட்டியில வெள்ளையா நிக்குது.

விவரமாச் சொல்றேன். போர் தண்ணியில சுண்ணாம்புச் சத்து கரைஞ்சு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. சலவை சோடா விழுந்ததும் அது கரையாத கால்சியம் கார்பனேட்டாப் பிரிஞ்சு தண்ணியில மிதக்கும். சாக்கட்டித் தூள்னே வச்சுக்கங்க. கணக்குப் பாருங்க: கடினம் லிட்டருக்கு 600 மில்லிகிராம்னா, ஒரு நிரப்புல 60 லிட்டர் தண்ணிக்கு 36 கிராம். அவ்வளவும் பிரியணும்னா, தண்ணி சேராத தூள் சோடான்னா 38 கிராம் போதும். ஒரு கை சோடா அதைத் தாண்டிடும். கடினம் எல்லாமே கால்சியமா இருக்காது, கொஞ்சம் மெக்னீசியமும் இருக்கும். அதனால 36 கிராமும் தூளா வராது. பாதி வந்தாலே கருப்புத் துணிக்குப் போதும்.

மடிப்புல மட்டும் ஏன் நிக்குதுன்னா, ஸ்பின் சுத்தும்போது தண்ணி துணியைத் துளைச்சுத்தான் வெளிய போகும். துணியே வடிகட்டி. தண்ணி போயிடும், தூள் மடிப்புல தங்கிடும். வெள்ளைத் துணியில இதே தூள் இருக்கும், கண்ணுக்குப் படாது. துண்டு விறைக்கிறதும் இதே தூளாலதான்.

சோடாவை இன்னைக்கே நிறுத்துங்க. ஆப்ப சோடாவும் வேண்டாம்.

கொண்டலாம்பட்டி_கே
சோடா மட்டும் இல்லை. விலை குறைஞ்ச பொடி நிறையத்துல சோடா ஆஷ், அதான் சலவை சோடாத் தூள்தான் பெரும்பங்கு. காலர்ல தேய்க்கிற டிடர்ஜென்ட் கட்டியில எடைக்காக கால்சைட், அதான் சுண்ணாம்புக்கல் தூளே சேர்க்குறாங்க. வேட்டிக் கரையில கட்டி தேய்க்கிறீங்களா?

நீர்_நுட்பம்
சூரமங்கலத்துக்காரர் சொன்னதைத் திருத்தாமல் விட முடியாது. டிடிஎஸ் மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்தலை. அதில் சோடியம், குளோரைடு, சல்பேட் எல்லாம் சேரும். கடினம் என்பது கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். 900 டிடிஎஸ் தண்ணீரில் கடினம் 250-ஆகவும் இருக்கலாம், 600-ஆகவும் இருக்கலாம். மென்னீராக்கி (சாஃப்ட்னர்) வழியாக விட்ட தண்ணீரில் கடினம் ஏறக்குறைய பூஜ்யம், ஆனால் மீட்டர் பழைய எண்ணையே காட்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான பிஐஎஸ் 10500-இலும் இரண்டும் தனித்தனி வரிகள்: கடினத்துக்கு 200, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை; டிடிஎஸ்ஸுக்கு 500, வேறு வழியில்லையென்றால் 2000 வரை. அதுவும் குடிநீருக்கான தரம், துணிக்கானது அல்ல.

சூரமங்கலம்77
டிடிஎஸ் ஏறினா கடினமும் ஏறும், நம்ம சேலத்துல அதுதான் நடக்குது. ஏற்காட்டு அடிவாரம் முழுக்க மேக்னசைட் கல்லு. அந்தப் பக்கத்து போர்ல வேற என்ன வரும்? சாதாரண ஜனத்துக்கு மீட்டர் போதும் சார்.

நீர்_நுட்பம்
அடிவாரத்துக் கரட்டுக்கு வெள்ளைக்காரன் 'சாக் ஹில்ஸ்', அதாவது சாக்கட்டிக் குன்றுகள், என்று பெயர் வைத்தான். அது சாக்கட்டியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். அதனால் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் மெக்னீசியக் கடினம் இருப்பது இயல்பு. ஆனால் அம்மாப்பேட்டை போரில் என்ன இருக்கிறது என்பதை மலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடினத்தை அளக்கும் சொட்டு மருந்துக் கிட் வாங்கிச் சோதியுங்கள். கிட்டில் இருக்கும் நிறங்காட்டியைத் தண்ணீரில் விட்டதும் ஒயின் சிவப்பாகும். பிறகு சோதனை மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு எண்ண வேண்டும். சிவப்பு மாறி நீலம் வந்த சொட்டோடு நிறுத்துங்கள். ஒரு சொட்டுக்கு எவ்வளவு என்று கிட்டிலேயே அச்சடித்திருக்கும்.

பழைய_ஃபிட்டர்
ரெண்டு பேரும் அப்புறம் பேசிக்கலாங்க, இவருக்கு நாளைக்குக் காலையில வேட்டி வேணும்.

தம்பி, இருக்குற திட்டை எடுக்க: 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு பெரிய ஸ்பூன் எலுமிச்சை உப்பு, அதான் சிட்ரிக் ஆசிட், சுமார் 30 கிராம். லீ பஜார்ல சில்லறையாவே கிடைக்கும். நல்லாக் கரைஞ்ச பிறகு வேட்டியையும் துண்டையும் அரை மணி ஊற வைங்க. நடுவுல ரெண்டு தடவை புரட்டி விடுங்க. அப்புறம் நல்ல தண்ணியில ரெண்டு அலசல். புது வேட்டியா இருந்தா ஓரத்துல ஒரு துளி விட்டு சாயம் போகுதான்னு முதல்லயே பார்த்துக்கங்க. ஜரிகை, பட்டு இதுல வேண்டாம். பிளீச் எதையும் இதோட சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டிடும்.

மெஷின் தொட்டியிலயும் இதே படிவு இருக்கும். துணி போடாம, தண்ணி மட்டம் அதிகபட்சம் வச்சு, ரெண்டு வாளி சூடு தண்ணியோட (கை பொறுக்குற சூடு போதும்) 100 கிராம் எலுமிச்சை உப்பு. பத்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்தி, ஒரு மணி நேரம் ஊறட்டும். பிறகு முழுசா ஓட்டி, இன்னொரு வெறும் அலசல். ராத்திரி பூரா விடாதீங்க, ரப்பருக்கும் உலோகத்துக்கும் நல்லதில்லை. போரோட கடினத்துக்கு இது மூணு மாசத்துக்கு ஒரு தடவை தேவைப்படும்.

ஏற்காடு_பனி
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஓடைத் தண்ணி, துளி சோடாகூட வேண்டாம், நுரை அடங்கவே மாட்டேங்குது. இந்த மழைக்காலத்துல மூணு நாள் தொங்கினாலும் காயாம வாடை வேற அடிக்குது. இதுக்கு ஏதாவது வழி இருக்கா?

கொண்டலாம்பட்டி_கே
மென்தண்ணிக்குப் பொட்டியில போட்டிருக்குற அளவுல பாதி போதும். நுரை அதிகமானா துணி நுரை மேல மிதக்கும், ஒண்ணோட ஒண்ணு உரசாது, அழுக்கும் போகாது. மலைத் தண்ணி சில்லுன்னு இருக்கும், பொடி கரையாது. லிக்விடுக்கு மாறுங்க. வாடைக்குக் காரணம் ஈரம் ரொம்ப நேரம் நிக்கிறது. கடைசியில ஸ்பின் மட்டும் தனியா இன்னொரு தடவை ஓட்டுங்க. துணிக்குத் துணி ஒரு கை இடைவெளி விட்டு, வீட்டுக்குள்ள ஃபேன் காத்து நேரா படுற மாதிரி தொங்க விடுங்க. துவைச்ச துணி மெஷினுக்குள்ள அரை மணிக்கு மேல கிடக்கக் கூடாது. மூடியை எப்பவும் திறந்தே வைங்க.

சூரமங்கலம்77
அம்மாப்பேட்டைக்காரர் குழாயில மாட்டுற சாஃப்ட்னர் வாங்கிட்டாப் போச்சு. எதுக்கு இவ்வளவு சுத்தணும்?

நீர்_நுட்பம்
குழாயில் மாட்டும் குட்டிக் குடுவையின் கொள்ளளவைக் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ரெசின் மணிகள்தான் கடினத்தைப் பிடிப்பவை; ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் பிடிக்கும். 600 கடினத் தண்ணீர் என்றால் 80 லிட்டரைத் தாண்டியதும் தீர்ந்துவிடும். மேல் மூடி மெஷினில் ஒரு துவைப்பும் இரண்டு அலசலும் சேர்ந்து முழு மட்டத்தில் 150 லிட்டருக்கு மேல் போகும். அப்படியானால் ஒரு தடவைக்கே இரண்டு லிட்டர் ரெசின் வேண்டும். தீர்ந்ததும் நூற்றுக்குப் பத்து உப்புக் கரைசலை அரை மணி நேரம் மெதுவாக விட்டு மீட்டெடுக்க வேண்டும். அயோடின் சேர்க்காத கல்லுப்புதான் ஏற்றது. இதைச் செய்யாதவர் வீட்டில் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா. சில கடைகளில் ரெசினே இல்லாமல் பாஸ்பேட் உருண்டை போட்டு அதே பெயரில் விற்கிறார்கள். அது தண்ணீரை மென்மையாக்காது, படிவைத் தள்ளிப்போடும்.

சூரமங்கலம்77
சரி, கொள்ளளவு விஷயம் ஒத்துக்கிறேன். டிடிஎஸ் விஷயத்துல என் கருத்து அதேதான்.

பழைய_ஃபிட்டர்
செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. தினமும் ரெண்டு வேட்டி, துண்டுதானே? மேட்டூர் தண்ணியை டிரம்ல தனியாப் பிடிச்சு வைங்க, சம்ப்ல கலக்க விடாதீங்க. மட்டத்தைக் குறைச்சலுக்கு வச்சுட்டு, மெஷினுக்குள்ள வாளியிலயே ஊத்துங்க. தண்ணி குழாயில வந்ததா வாளியில வந்ததான்னு மெஷினுக்குத் தெரியாது. பிரஷர் ஸ்விட்ச் மட்டத்தை மட்டும்தான் பார்க்கும், வந்ததும் சுத்த ஆரம்பிச்சுடும். ரெண்டு 15 லிட்டர் வாளி பெரும்பாலும் போதும். லிக்விட் 30 மில்லி, வேற ஒண்ணும் வேண்டாம். நல்ல தண்ணி குறைச்சலா இருந்தா துவைக்கப் போர் தண்ணியையே ஊத்துங்க, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி. துணியில தங்கிக் காயப்போறது கடைசித் தண்ணிதான். இப்போ மழை பெய்யுது, மொட்டை மாடித் தண்ணி கிடைச்சா அதுவும் அருமை. முதல் மழையை விட்டுட்டுப் பிடிங்க.

துண்டை உதறாம கொடியில போடாதீங்க. ரெண்டு முனையையும் பிடிச்சுப் பத்துத் தடவை நல்லா உதறினா பூ எழும்பும். மிருதுவாகட்டும்னு கண்டிஷனர் ஊத்தினா மெழுகு படிஞ்சு துண்டு தண்ணியே இழுக்காது.

செவ்வாய்ப்பேட்டை_அக்கா
தம்பி என்னாச்சு? வேட்டி வெளுத்துச்சா? தப்பாச் சொல்லிட்டேன், கருப்பாச்சா?

அம்மாப்பேட்டை_வீடு
மன்னிக்கணும், நாலு நாளா வர முடியலை. எலுமிச்சை உப்புல ஊற வச்சதும் திட்டு போயிடுச்சு. சோடா நிறுத்தியாச்சு, புதுசா வரலை. துண்டு மட்டும் இன்னும் கொஞ்சம் முரடு. எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சாமி சரணம்.

பழைய_ஃபிட்டர்
சந்தோஷம் தம்பி. சரணம். துண்டோட கடைசி அலசல் எந்தத் தண்ணியில விட்டீங்க, போரா மேட்டூரா?