ஸ்டோரிபோர்டு: பலகை வேண்டாம், கோவை இருக்கிறது

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

படம் எடுக்கும் முன் ஷாட் ஷாட்டாக வரைந்துவைக்கும் ஸ்டோரிபோர்டுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று நான் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. கதைப்பலகை, காட்சிப்பலகை, படக்கதை, ஓவியத் திரைக்கதை என நான்கு சொற்கள் வந்தன. அனைவருக்கும் நன்றி. நான்கையும் என் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் இப்போது ஒரு திரில்லர் குறும்படத்தின் முதல் இரண்டு நிமிடத்தைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையின் நடுவே வைத்துப் பார்த்தபோது நான்குமே நெருடின.

முதலில் அவர்கள் வரைந்த முதல் தாளைக் காட்டிவிடுகிறேன். ஏ4 தாளில் ஆறு கட்டங்கள். முதல் கட்டத்தில் கிரில் கதவில் தொங்கும் மஞ்சப்பை. ஒரு கை பால் பாக்கெட்டைப் போடுகிறது. இரண்டாவதில் பைக்குள் மேலிருந்து பார்க்கிறோம்: ஏற்கெனவே இரண்டு பாக்கெட்டுகள், உப்பிப்போய்க் கிடக்கின்றன. மூன்றாவதில் பால் போடும் பையனின் முகம், வலப்பக்கம் பார்க்கிறான். நான்காவதில் காலிங்பெல்லை அழுத்தும் விரல். ஐந்தாவது வீட்டுக்குள்ளிருந்து: கதவுக்கு அடியில் தெரியும் வெளிச்சக் கோட்டில் அவன் கால்களின் நிழல். ஆறாவதில் அதே கோடு, ஆனால் இரண்டு ஜோடிக் கால்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே எத்தனை நொடி, என்ன சத்தம், கேமரா நகர்கிறதா நிற்கிறதா என்று மூன்று வரி. வசனம் கிடையாது.

இதில் கதை எங்கே இருக்கிறது? அது யார் வீடு, உள்ளே என்ன நடந்தது, எதுவும் தாளில் இல்லை. அதெல்லாம் திரைக்கதையில் இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு எது முதலில் படவேண்டும், எது அடுத்து, எவ்வளவு நேரம் என்பதை மட்டும்தான் இந்தத் தாள் சொல்கிறது. காட்சி என்றாலும் சிக்கல்தான். நம் சினிமாவில் காட்சி என்றால் சீன். மேலே சொன்ன ஆறு கட்டமும் சேர்ந்து ஒரே சீன். கட்டம் ஒவ்வொன்றும் ஒரு ஷாட். உதவி இயக்குநர்கள் ‘ஷாட் பிரிச்சாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். காட்சிப்பலகை என்று பாடத்தில் எழுதிவைத்தால் பிள்ளைகள் சீனுக்கு ஒரு படம் வரைந்து கொண்டுவந்து நிற்பார்கள். படக்கதை என்ற சொல் காமிக்ஸுக்கு வாழ்க்கைப்பட்டுப் பல காலமாகிவிட்டது. ஓவியத் திரைக்கதை அழகான சொல், ஆனால் படப்பிடிப்பில் கூப்பிட நீளம்.

பலகைக்கு வருகிறேன். 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் வெப் ஸ்மித் என்ற கலைஞர் தனித்தனித் தாள்களில் வரைந்த படங்களைப் பலகையில் வரிசையாகக் குத்திவைத்தார். அந்தப் பழக்கத்தோடு பலகையும் பெயரில் ஒட்டிக்கொண்டது. அது அவர்கள் அறையில் இருந்த ஒரு சாமான், அவ்வளவுதான். சத்யஜித் ராய் 1955-இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’க்காக வரைந்ததெல்லாம் நோட்டில். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் வரும் குளியலறைக் கொலைக்கு வடிவமைப்பாளர் சால் பாஸ் படம் வரைந்து கொடுத்தார். திரையில் முக்கால் நிமிடம் ஓடும் அந்தப் பகுதியை எடுக்க ஏழு நாள் பிடித்தது. அவ்வளவு பொடித்துண்டுகளை, எதற்குப் பின் எது என்ற வரிசை கையில் இல்லாமல் எடுக்கவே முடியாது.

அந்த வரிசையின் அருமை எங்கள் தாளிலேயே தெரிந்தது. மூன்றாம் கட்டத்தில் பையன் வலப்பக்கம் பார்க்கிறான். நான்காம் கட்டத்தில் விரல் இடப்பக்கம் நீள்கிறது. அப்படியானால் கதவு எந்தப் பக்கம்? திசை குழம்பாமலிருக்கக் கேமரா ஒரே பக்கம் நிற்கவேண்டிய கற்பனைக் கோட்டை, 180 பாகைக் கோட்டை, தாண்டியிருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைக்கும் காலை வெளிச்சம் ஆறிலிருந்து ஏழரை வரைதான். அங்கே போய் இதைக் கண்டுபிடித்திருந்தால் அன்றைய நாளே போயிருக்கும். தாளில் ரப்பர் போதுமானதாக இருந்தது.

ஆக, வரைவது, வரிசையாகக் கோப்பது, இவை இரண்டுமே பொருளின் உயிர். நான் முன்வைக்கும் சொல்: வரைகோவை.

கோவை என்ற சொல்லை நான் சும்மா எடுக்கவில்லை. கோவை என்பது ஒரு காதல் கதையைத் தனித்தனிப் பாட்டுகளாகக் கோக்கும் பழைய இலக்கிய வகை. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் 400 பாட்டு. ஒவ்வொன்றும் ஒரு கணம். யார் எந்த நிலையில் பேசுகிறார் என்பதைத் துறை என்ற சூழல் குறிப்பு சொல்லிவிடும். தனியே எடுத்தாலும் பாட்டு நிற்கும். வரிசையில் வைத்தால் கதை நகரும். கதையை யாரும் உட்கார்ந்து விவரிப்பதில்லை. ஸ்டோரிபோர்டுக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் தமிழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதன் முதல் மூன்று துறைகள்: காட்சி, ஐயம், தெளிதல். தலைவன் தலைவியைக் காண்கிறான், தெய்வமோ பெண்ணோ என்று ஐயப்படுகிறான், பெண்தான் என்று தெளிகிறான். இதைக் கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி, “மேடம், அப்போ நம்ம ஓப்பனிங்ல தெளிதலே வரக்கூடாது” என்றாள். பத்தாம் கட்டத்தில் அவர்கள் வரைந்திருந்த பிணத்தை அன்றே அழித்துவிட்டு, மூடிய கதவையே மறுபடி வரைந்தார்கள். இப்போது இரண்டு நிமிடமும் ஐயத்திலேயே நிற்கிறது.

கிராபிக்ஸுக்கு வரைகலை என்ற சொல் ஏற்கெனவே புழங்குவதால் வரைகோவை காதுக்குப் புதிதாக இருக்காது. படப்பிடிப்பில் ‘கோவை போட்டாச்சா?’ என்று கேட்கலாம். உள்ளே இருப்பது கட்டம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து மறுமொழி:

வணக்கம் அக்கா. திருக்கோவையார் விளக்கம் மிகவும் பிடித்தது. ஆனால் ஒன்று சொல்லவேணும். எங்களுக்குக் கோவை எண்டால் கந்தோரில் இருக்கிற ஃபைல். வரைகோவை எண்டு கேட்டால் கீறின படங்களைப் போட்டுவைச்ச ஃபைல் எண்டுதான் இங்கை பிள்ளைகள் முதலில் நினைப்பினம். வரைதொடர் எண்டு வைச்சால் என்ன?

*

தம்பிக்கு,

நீங்கள் சொல்வது நியாயமான தடை. இதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் உங்கள் நாட்டில்தானே தண்டனைச் சட்டக்கோவை என்கிறீர்கள்? அங்கே கோவை ஃபைல் இல்லையே. பிரிவு பிரிவாக வரிசைப்படுத்திய தொகுப்பு. அந்தப் பொருள் உங்களிடம் உயிரோடு இருக்கிறது, எங்களைவிட நன்றாகவே.

தொடரை நான் தவிர்ப்பதற்குக் காரணம் டிவி சீரியல் மட்டும் இல்லை. தொடர் என்றால் இடைவெளி தெரியாமல் ஓடுவது. இங்கே ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெட்டு இருக்கிறது. ஐந்தாம் கட்டத்தில் ஒரு ஜோடிக் கால், ஆறாவதில் இரண்டு. அந்த இடைவெளியில்தான் வயிற்றைக் கலக்குகிறது. கோத்த மணிகள் ஒட்டுவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இன்னொரு வசதியும் இருக்கிறது. கட்டங்களைக் கணினியில் ஏற்றி, நொடிக்கணக்கும் சத்தமும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதை அனிமாட்டிக் என்கிறார்களே, அதை ஓடுகோவை என்று சொல்லலாமா? அந்த மாணவி நேற்றுத் தன் பதினான்கு கட்டத்தையும் அப்படி ஓட்டிக் காட்டினாள். 1 நிமிடம் 52 நொடி வந்தது. ஐந்தாம் கட்டத்து நிழலுக்கு இன்னும் மூன்று நொடி வேண்டும் என்கிறாள். கொடுக்கச் சொல்லிவிட்டேன்.