இரண்டாம் வகுப்புக்குப் பெரிய அளவுப் படக்கதைப் புத்தகங்கள் தேவை

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ் வழித் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசும் எங்கள் பிள்ளைகளில், பாடநூலை எழுத்துக்கூட்டவே தயங்குகிறவர்கள்கூட, ஒரு படப்புத்தகத்தை விரித்துவிட்டால், அட்டையில் உள்ள ஆடு எங்கே போகிறது என்று தாமாகவே கதை கட்டி, அது சரிதானா என்று பார்ப்பதற்காகவே படத்தின் கீழுள்ள வரியை வாசிக்க முயல்கிறார்கள். அதைக் கண்ட நாள் முதல், பக்கத்தைத் திருப்பும் முன் ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கான நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட முடிகிறது. ஆனால் சாதாரணத் தாளில் படம் சிறிதாகிவிடுவதால் பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை, அந்த முகங்கள் வாடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பக்கத்துக்கு ஓரிரு வரிகள் மட்டும் உள்ள பெரிய அளவுத் தமிழ்ப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? தமிழும் மலையாளமும் அருகருகே அமைந்த இருமொழிப் பதிப்புகள் இருந்தால் இன்னும் நல்லது. சொற்களே இல்லாத படப்புத்தகங்களைப் பயன்படுத்தியவர்கள், அதிலிருந்து எழுத்துப் பயிற்சிக்கு எவ்வாறு சென்றீர்கள் என்பதையும் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.